விளக்கடியில் வைத்த கோழி மருந்து

எனக்கு எட்டு வயது நடக்கும்போது, எங்கள் அம்மா செத்த கோழி ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். கூட நானும் போனேன். கண்டக்டர் பையைப் பார்த்தார். சாயம் போன துணிக்கு வெளியே இரண்டு மஞ்சள் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. விருந்துக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குச் செத்த கோழியோடு போகிறேன் என்று பஸ்ஸில் சொன்னால் யாரும் சிரிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. செந்துறைக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் சித்திரை பிறந்தால் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வரும். முதல்நாள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். மறுநாள் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போலக் கழியும். அடுத்த நாள் கழுத்து திருகிக்கொண்டு விழும். ஒரு வீட்டில் ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் ஊர்க் கோழி மொத்தமும் போய்விடும். இதற்கு யாரும் வைத்தியம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. தலை தொங்கிய கோழியைக் கழுத்து திருகுவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வாரம் தெருவே மசாலா மணக்கும். மற்ற நாட்களில் கறியைக் கண்ணால் காணாத பிள்ளைகளாகிய நாங்கள் வெள்ளைக் கழிச்சலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம் என்று சொன்னால் பாவம்தான். ஆனால் உண்மை அதுதான்.

அம்மாவுக்கு அந்தக் குழம்பு இறங்காது. நிலம் தாத்தா பெயரில் இருந்தது. மாடு அப்பா சொன்னால்தான் நகரும். அம்மா யாரையும் கேட்காமல் விற்கவோ கொடுக்கவோ அடிக்கவோ முடிந்தது கோழியைத்தான். காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கு ஒரு முட்டை, ஊரிலிருந்து மாமா வந்தால் ஒரு சேவல், எனக்கு ரிப்பன், நோட்டு எல்லாம் கோழிகளைக் கவிழ்த்து மூடிவைக்கும் அந்தப் பஞ்சாரக் கூடைக்கு அடியிலிருந்துதான் வந்தன. அந்த வருஷம் பதினெட்டு கோழிகள் ஐந்தே நாளில் போயின. பதினெட்டாவதைக் குழம்பு வைக்கவிடாமல் அம்மா பையில் போட்டுக்கொண்டாள்.

மாட்டாஸ்பத்திரியில் இருந்தவரை எங்கள் பக்கத்தில் கம்பவுண்டர் என்பார்கள். இளவயசு. மீசையை அப்போதுதான் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார். செத்த கோழியோடு ஒருத்தி வந்து நிற்பது அவருக்கே புதிது என்று அவர் முகம் சொன்னது. கோழியை ஒரு தகரத்தின் மேல் வைத்துக் கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தார். இரைப்பைக்கு மேலே ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"சாமி குத்தமுங்களா சார்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. சீக்கு. வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டா வராது."

"அப்ப வந்து போடுங்க."

அவர் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். ஒரு மருந்துக் குப்பியை உடைத்தால் நூறு கோழிக்கு வரும். உடைத்துக் கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. ஒரு வீட்டுக் கோழிக்காக அதை உடைக்க அவருக்கு மனசு வராது. "நூறு கோழி சேத்து வைங்க. மாசியில ஊருக்கே வந்து போட்டுட்டுப் போறேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா வெறும் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக யார் வீட்டில் எத்தனை கோழி என்று விரல் விட்டுக்கொண்டே வந்தாள். அப்போது ஊரில் இருந்த கோழிகள் ஐந்தோ ஆறோதான். இனிமேல் பொரிக்கப்போகிற கோழிகளையும் சேர்த்து எண்ணினாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாசிக்குள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டையும் சேவலும் கொண்டுவந்து, அடைவைத்து, குஞ்சு பொரித்து, பருந்துக்கும் பூனைக்கும் கொடுத்தது போக அம்மா பதினான்கு கோழி சேர்த்துவிட்டாள். ஊரிலும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. ஆனால் கோழி சேர்வதை விடக் கோழிக்காரிகளைச் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஊசி போட்டால் கோழி முட்டையை நிறுத்திவிடும் என்றார்கள். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலின் மேல் இரும்பு படலாமா என்று கேட்டார்கள். ஊசி போட்ட கோழியைத் தின்றால் நமக்கு என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேல் பெரியம்மா இருந்தாள். அப்பாவின் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்தான், ஆனால் இரண்டு வீட்டுக் கோழிகளும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். பெரியம்மா வாயைத் திறந்தால் குழாயடியில் குடம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தண்ணீரை மறந்துவிட்டுக் கேட்பார்கள். ஒருநாள் அந்தக் குழாயடியில் வைத்தே அம்மாவைக் கேட்டாள்.

"ஏண்டி, ஊரக் கூட்டி ஊசி போடச் சொல்றியே. போட்டதுக்கப்பறம் சித்திரையில கோழி செத்தா யாரு பொறுப்பு?"

"சாவாதுக்கா."

"செத்தா?"

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "செத்தா, கோழிக்குக் கோழி நான் குடுக்கறேன்."

அந்தச் சொல் ஊர் முழுக்கப் போயிற்று. கோழி வைத்திருந்தவர்கள் ஒத்துக்கொண்டது மருந்தை நம்பியல்ல, இந்தச் சொல்லை நம்பித்தான். ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "உங்கிட்ட இருக்கறது பதினாலு. ஊருல நூறு. பாக்கிக்கு என்னையப் பஞ்சாரத்துல கவுத்து அடைகாக்கச் சொல்லுவ போலருக்கு" என்றார். அம்மா சிரிக்கவில்லை. சாவாது என்று அந்தக் கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு பேச்சை நம்பி, இருக்கிற கோழிகளையும் ஊரில் தனக்கு இருந்த கொஞ்சம் மரியாதையையும் வைத்துவிட்டாள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வருவதாகச் சொல்லியனுப்பினார். கோழியைக் காலையில் திறந்துவிடக் கூடாது, திறந்துவிட்டால் நூறு கோழியையும் பிடிக்க நூறு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று விடிந்தபோது எங்கள் ஊரில் கேட்ட சத்தத்தை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. எல்லா வீட்டிலும் பஞ்சாரத்துக்குள் கோழிகள் ஞாயம் கேட்டுக்கொண்டிருந்தன.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் தோல் பை, இன்னொரு கையில் வாய் அகன்ற சிவப்பு பிளாஸ்க். எங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் விடியற்காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. அவர் தோல் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பிளாஸ்கையும் கொடுத்தார்.

"அக்கா, ஊசியெல்லாம் இந்த டப்பாவுல இருக்கு, தண்ணியில போட்டு நல்லா வேக வைங்க. மருந்து இதுல இருக்கு. பத்திரம். வந்துர்றேன்."

சொல்லிவிட்டு அவர்களோடு ஓடினார்.

அம்மா ஊசிகளை முட்டை வேகவைக்கிற குண்டானிலேயே போட்டு அடுப்பில் ஏற்றினாள். ஐந்து ஊசிகள், கண்ணாடியில் ஒரு சிரிஞ்சு. கொதிக்கும்போது அவை ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போட்டதால் எண்ணிப் பார்த்தேன். பிறகு அம்மா பிளாஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு யோசனையாக நின்றாள்.

அவள் என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் சாமியைத் தாண்டிப் போகாது. விதைக்கடலை, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடப் புத்தகம், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை, எதுவானாலும் முதலில் சாமி மாடத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊர்க்கோழியைக் காப்பாற்ற வந்த மருந்து, அதுவும் வெள்ளிக்கிழமை. வைக்காமல் எப்படி? ஆனால் பிளாஸ்கோடு வைக்க முடியாது. எங்கள் ஊருக்குத் தெரிந்த பிளாஸ்க், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குக் காப்பி கொண்டுபோகிற சாமான். யார் யாரோ குடித்த எச்சில் சாமானைச் சாமி முன்னால் வைப்பதா? அம்மா மூடியைத் திருகினாள்.

உள்ளே ஐஸ். அதன் நடுவில் நூல் கட்டிய பொட்டலத்தில், கண்ணாடியில் செய்த சிறு விரல் போன்ற இரண்டு குப்பிகள், பக்கத்தில் தண்ணீர் போல ஏதோ நிறைந்த ஒரு புட்டி. அம்மா ஐஸை அலுமினியச் சட்டியில் கொட்டி, "தொடாதே, அவுங்களுது" என்று எனக்குச் சொல்லிவிட்டு, குப்பிகளை மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, மாடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மேலே ஒரு அரளிப் பூ. கும்பிட்டபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

சட்டியிலிருந்த ஐஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஐஸ், சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவரிடம் கிடைக்கும் சிவப்புக் குச்சி ஐஸ்தான். வெறும் வெள்ளையாக, இவ்வளவு பெரிதாக, காசு கேட்க ஆளில்லாமல் ஒரு சட்டி ஐஸை அன்றுதான் பார்த்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். இனிப்பே இல்லை. சாமான் அறையிலிருந்து வெல்லம் கொஞ்சம் கிள்ளி அதோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். பரவாயில்லாமல் இருந்தது. அம்மா வாசலில் வந்துசேர்ந்த பெண்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். நான் துண்டு துண்டாகத் தின்று, தின்ன முடியாததைக் கன்னத்தில் வைத்து, காதில் வைத்து, கழுத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். கடைசியில் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இருந்தது.

அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சட்டை முழங்கை வரை சுருட்டியிருந்தது, பேண்ட்டில் ரத்தம். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. கன்று பிழைத்துவிட்டது, பசுவும் பிழைத்துவிட்டது. அம்மா சோப்பும் தண்ணீரும் கொடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டே வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். முப்பது பெண்களுக்குக் குறையாது. அக்குளில் இடுக்கிய கோழிகள், கூடையில் கவிழ்த்த கோழிகள், காலைச் சேலைக் கிழிசலால் கட்டிய கோழிகள். பெரியம்மாகூட வந்திருந்தாள். கையில் கோழி இல்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"நூறுக்கு மேல இருக்கும் போலிருக்கே" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து பிளாஸ்கைத் திறந்தார். காலி.

அம்மா பெருமையோடு மாடத்தைக் காட்டினாள். "சாமிகிட்ட வெச்சிருக்கேன் சார்."

அவர் குப்பிகளைப் பார்த்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் அரளிப் பூவையும் பார்த்தார். ஒரு குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"எப்பக்கா வெச்சீங்க?"

"நீங்க போனீங்க பாருங்க, அப்பவே வெச்சுட்டேன்."

"ஐஸு?"

அம்மா சட்டியைத் தேடினாள். சட்டி என் காலடியில் இருந்தது. என் பாவாடை முன்பக்கம் நனைந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் பெரியம்மா யாரிடமோ, "செத்தா கோழிக்குக் கோழி தரேன்னு இவ சொல்லியிருக்கா, எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"அக்கா, அம்மி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கொல்லைப்பக்கம் என்று அம்மா கை காட்டினாள். அவர் குண்டானிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். அம்மியின் மேல் ஊசியை வைத்து இரண்டு தரம் தேய்த்தார். எங்கள் அப்பா அரிவாளைக் கல்லில் தீட்டுவது எனக்குப் பழக்கம் என்பதால், கோழித் தோல் தடிப்பு, அதனால் ஊசியைத் தீட்டுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தீட்டத் தெரியவில்லை அவருக்கு. கட்டைவிரலால் அழுத்தினார், ஊசி வளைந்தது. இன்னும் அழுத்தினார், பட்டென்று உடைந்தது. இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

உடைந்த ஊசியை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார்.

"எல்லாரும் மன்னிச்சுக்கணும். ஊசி ஒடைஞ்சுபோச்சு. ஒரே ஊசிதான் கொண்டாந்தேன். என் தப்புதான். நாளைக்கு மொத பஸ்ல வந்து போட்டுர்றேன். இன்னிக்கு மாதிரியே கோழியத் தெறக்காம வெச்சிருங்க."

ஒரு நிமிஷம் கோழிகள் மட்டும்தான் பேசின. பிறகு எல்லோரும் பேசினார்கள். களைவெட்டுக்குப் போகாமல் காத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள். பெரியம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "ஒரு ஊசிய ஒடைக்காம வெச்சுக்கத் தெரியல. இவரு கோழியக் காப்பாத்தப் போறாராம்" என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்கம்மா, தப்புதான்" என்று நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "குண்டான்ல இன்னும் நாலு ஊசி இரு..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை. மூன்று நாளைக்கு அந்த இடம் நீலமாக இருந்தது. நான் கத்தி அழுதேன். அழுகைச் சத்தத்தில் நான் சொல்ல வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா மறுபடியும் வீடு வீடாகப் போனாள். நாளைக்கு ஒருநாள் மட்டும், எனக்காக, என்று கெஞ்சினாள். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பஸ் வருவதற்கு முன்பே போய் நின்றுகொண்டாள். அவர் புது ஐஸோடு வந்தார். பிளாஸ்கை அவர் கையிலிருந்து வாங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பக்கத்தில் விடவில்லை, என்னை முக்கியமாக விடவில்லை. சாமி மாடத்துக்கு அன்று விளக்கே ஏற்றவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவர் குப்பியின் கழுத்தை உடைத்து, மருந்தைக் கரைத்து, கோழியின் இறக்கையை விசிறி மாதிரி விரித்து, தோலுக்கடியில் ஊசியைச் செருகி எடுத்தார். அம்மா பிடித்துக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். கோழிக்கு ஒரு கூப்பாடு, அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் நூற்றுப் பத்துக் கோழிகள் முடிந்தன. கடைசியாகப் பெரியம்மா ஒரு கூடையோடு வந்தாள். அவளிடம் பன்னிரண்டு கோழிகள் உண்டு. கூடையில் ஆறு இருந்தன.

"ஆறுக்குப் போடுங்க. பாக்கி ஆறு சாமி பாத்துக்கட்டும்" என்றாள்.

சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. முதலில் பக்கத்து ஊரில், பிறகு எங்கள் ஊரில் ஊசி போடாத வீடுகளில். அம்மா தினமும் விடியும்போது பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். தூக்குவாள். பதினான்கும் ஓடும். இப்படி இருபது நாள் போனது. அந்தச் சித்திரையில் ஒரே ஒரு வீட்டைத் தவிர எங்கள் தெருவில் மசாலா மணக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரியம்மா சாமியிடம் விட்ட ஆறில் ஐந்து செத்தன. ஊசி போட்ட ஆறில் ஐந்து பிழைத்தன, ஒன்று செத்தது. பெரியம்மா கூச்சப்படாமல் வந்து அந்த ஒன்றுக்குப் பதில் கேட்டாள். அம்மா சந்தோஷமாகத் தன்னிடமிருந்ததிலேயே நல்ல கறுப்புப் பெட்டையைப் பிடித்துக் கொடுத்தாள். சாமியிடம் விட்டதில் பிழைத்த ஒரு கிழக்கோழியைச் சொல்லி, "இதுக்கு எந்த ஊசி போட்டாங்க?" என்று பெரியம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்த மாசியில் பதினைந்து கோழிகளோடு முதல் ஆளாக வந்து நின்றதும் அவள்தான்.

அதன்பிறகு அவர் வருஷா வருஷம் வந்தார். கோழிக்கு வந்தவர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டார். சப்பை நோய்க்குப் போட்டார், கோமாரிக்குப் போட்டார். ஊர் அவரை நம்பிவிட்டது. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. அம்மா கிள்ளிய கோபத்தில் நான் திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு ஊசி தீட்டவே தெரியாது, அம்மியில் வைத்து உடைத்துவிட்டார், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று. பிள்ளைகள் அவருக்கு 'ஊசி ஒடச்ச சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் என்ன பிள்ளைகள், நான்தான் வைத்தேன். பெரியவர்களுக்கும் அது பழகிப்போயிற்று. அம்மா முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டு முதுகில் அறை வாங்கினேன். பெரியவர்களைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது என்பதற்காக அடித்தாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து நான் நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றி ஒருநாள் வகுப்பு. ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டி, மருந்து இந்தக் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும், வெளியே எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும் என்று எங்கள் டீச்சர் சொன்னார். "பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. போட்டாலும் தெரியாது. நோய் வரும்போதுதான் தெரியும்" என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. குங்குமம் வைத்த இரண்டு குப்பிகள் விளக்குக்குப் பக்கத்தில் நின்றதையும், ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்தை அவர் அன்றைக்கே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சித்திரையில் நூறு கோழிக்கும் அம்மா பதில் சொல்லியிருக்க வேண்டும். மருந்து கெட்டுப்போய்விட்டது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அன்று குழாயடியில் அம்மா தலை நிமிர்ந்திருக்க முடியாது, மறுநாள் ஒரு கோழிகூட வந்திருக்காது. இரண்டையும் விட்டுவிட்டு, கன்றை இழுத்துக் காப்பாற்றிய அதே கையால் ஒரு ஊசியை உடைத்துக்கொண்டு, முப்பது பெண்களிடம் வசவு வாங்கிக்கொண்டார்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா விதைக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன்.

"அவரு ஊசிய வேணும்னேதாம்மா ஒடச்சாரு" என்றேன்.

அம்மா கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அஞ்சு ஊசிய நாந்தானே வேக வெச்சேன். ஒரே ஊசிதான் கொண்டாந்தேன்னு அவரு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு, நாம என்னமோ தப்பு பண்ணிட்டோம், இந்தத் தம்பி நமக்காகத்தான் தலைய குனியுதுன்னு. பொறகு எதுக்கு உன்னயக் கிள்ளுனேன்?"

"அப்ப ஊருல ஏம்மா சொல்லல? எல்லாரும் அவர எப்படிக் கூப்புட்டாங்க."

"எனக்காக அவரு மூடி வெச்சத நானே போயி தெறந்து காட்டவா? அப்பறம் அவரு பட்டதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். அடுத்த பிடிக் கடலையை அள்ளிக்கொண்டு, "வருஷா வருஷம் முட்டை குடுத்துப் பாத்தேன். ஒண்ணுகூட வாங்கிக்கல. மகராசன், எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கடலைத் தோலின் மண் கையில் இருந்தது.

இன்றைக்கு நான் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். அந்தப் பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். நேரில் போட எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அவர் மாற்றலாகிப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. கடைசியாக ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். வழியனுப்ப வந்த கூட்டத்தில் அம்மா ஓரமாக நின்றாள். நான் முன்னால் ஓடி ஜன்னலுக்குக் கீழே நின்று, "ஊசி ஒடச்ச சார், போற ஊர்லயாவது ஒடைக்காம போடுங்க" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரி பாப்பா, பாத்துப் போடறேன்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.